இருட்டறையில் ஜெரோம்: செம்புத் தகட்டில் கருப்பைக் கட்டிய விதம்

உயரம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், அகலம் 17. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் மூடிவிடலாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642 என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட இந்த எட்சிங்கில் (மெழுகு பூசிய செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோட்டை ஆசிட்டால் அரித்து, அதில் மை நிரப்பி அச்சிட்ட படம்) முதலில் கண்ணில் படுவது ஒரு ஜன்னல் மட்டும்தான். மற்றதெல்லாம் கருப்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஜன்னலடியில் ஒரு மேசை தெரியும். அதன்மேல் விரித்த புத்தகம், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். அப்புறம், அறையின் மறுபுறத்தில் சுழன்று மேலேறும் படிக்கட்டு. சிங்கம் கடைசியில்தான் அகப்படும், அதுவும் தேடினால். வெயிலிலிருந்து இருட்டு வீட்டுக்குள் நுழைந்தவனுக்குக் கண் பழகுவதைப்போல இந்தத் தாளிலும் பழக வேண்டியிருக்கிறது.

கிழவர் புனித ஜெரோம். தமிழ்க் கத்தோலிக்கர் எரோணிமுஸ் என்றும் சொல்வார்கள். எபிரேய, கிரேக்க வேதநூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர். பிற்காலத்தில் வுல்காத்தா எனப் பெயர்பெற்ற பைபிளின் பெரும்பகுதி அவர் உழைப்பு. 386 முதல் 420-இல் இறக்கும்வரை பெத்லகேமில் ஒரு மடத்தில் வாழ்ந்தார். ரெம்பிராண்ட் இவரை எட்சிங்கில் மட்டும் ஏழு முறை வரைந்திருக்கிறார். ரெம்பிராண்ட்டின் எட்சிங்குகளுக்கு எண் கொடுத்து பார்ட்ஷ் என்ற அறிஞர் 1797-இல் வெளியிட்ட பட்டியலில் 100 முதல் 106 வரையான எண்கள் இவருக்குரியவை; இருட்டறைப் படம் 105.

இந்தத் தகட்டை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. எட்சிங் கோட்டுக் கலை. கோட்டில் மை நிற்கும், கோடில்லாத இடத்தில் காகிதம் வெள்ளையாக இருக்கும், நடுவில் வேறெதுவும் கிடையாது. சாம்பல் நிறப் பரப்பை ஒரேயடியாகத் தரும் அக்வாடின்ட் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கிக் கருப்பாக்கிவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தை வழவழப்பாக்கும் மெசோடின்ட் முறையில் தேதியோடு கிடைக்கும் முதல் படம் லுட்விக் ஃபான் சீகன் செய்தது. அதன் ஆண்டும் 1642 என்பது வியப்பான ஒற்றுமை. ரெம்பிராண்ட் தன் இருட்டறையை ஊசிக்கோடுகளை அடுக்கியே கட்டினார். எட்சிங் அரித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்தான வேலை என்று தெரியும்.

கருப்பு ஏன் சாம்பலாகிறது

எட்சிங் கற்பவர் முதலில் நினைப்பது இது: இன்னும் கருப்பு வேண்டுமா, கோடுகளை நெருக்கிப் போடு, ஆசிட்டில் இன்னும் கொஞ்ச நேரம் விடு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கிடைப்பது அழுக்கேறிய சாம்பல் நிறம்.

ஆசிட் கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். மிக மோசமான கணக்காக, எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு தூரம் இரு பக்கமும் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கோட்டின் அகலம் 0.1 மில்லிமீட்டர். ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடுவுக்கு 0.3 மில்லிமீட்டர். அப்படியானால் இரண்டுக்கும் நடுவே நிற்கும் செம்புச் சுவரின் தடிமன் 0.2. ஆழம் 0.1 ஆகும்போது ஒவ்வொரு பக்கமும் 0.1 போயிருக்கும். சுவரே இல்லை. இரண்டு கோடுகளாக இருந்தது ஒரே அகலமான பள்ளமாகிவிட்டது. அகலப் பள்ளத்தில் மை தங்காது. துடைக்கும் துணி உள்ளே போய் மையை வாரிக்கொண்டு வந்துவிடும். அச்சில் நடுவில் வெளிறிய சாம்பலும் ஓரத்தில் மட்டும் கருப்பு விளிம்பும் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் க்ரெவே என்பார்கள், அதாவது 'வெடித்துப் போனது'.

அதே கோடுகளை 0.03 மில்லிமீட்டர் ஆழத்தோடு நிறுத்தினால் 0.14 தடிமனுள்ள சுவர் மிச்சமிருக்கும். கோடு மெலிதாகத்தான் அச்சாகும். ஆனால் மெழுகு பூசி, வேறு கோணத்தில் இன்னொரு வரிசை கோடு போட்டு, அதையும் 0.03 ஆழமே அரிக்கலாம். மூன்றாவது வரிசையும் அப்படியே. நடுவே குட்டிக் குட்டிச் செம்புத் திட்டுகள் நின்றுகொண்டே இருக்கும். மை அவற்றைச் சுற்றித் தேங்கி நிற்கும். அச்சிட்டால் மூச்சுவிடும் கருப்பு கிடைக்கும். ஒவ்வொரு திட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தாளில் இறங்கி, கருப்புக்குள் காற்று இருப்பதுபோல் தோன்றச் செய்யும். இருட்டறைப் படத்தின் கருப்பு இந்த வகை. பல திசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நுண்கோடுகள். கூடவே ஆசிட் இல்லாமல் நேரே செம்பைக் கீறிய டிரைபாயிண்ட்டும், பியூரின் உளியின் தொடுகையும் உண்டு.

தகடும் மெழுகும்

இதே அளவில் ஓர் இருட்டு அறையை அரித்துப் பார்க்க நினைப்பவருக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகடு போதும். துத்தநாகம் இந்த வேலைக்கு வேண்டாம். அது சொரசொரப்பாக அரிபடும், நுண்கோட்டின் கரை கலைந்துவிடும். நான்கு ஓரத்தையும் 45 பாகை சாய்வாக அரத்தால் ராவி, பிறகு வழவழப்பாக்க வேண்டும். ஓரம் கூர்மையாக இருந்தால் பிரெஸ்ஸில் காகிதத்தை வெட்டும், சில நேரம் காகிதத்தின்மேல் விரிக்கும் கம்பளியையும்.

எண்ணெய்ப் பசை போக்குவது சலிப்பான வேலை. இதில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் பின்னால் பாதித் தகட்டில் மெழுகு உரியும். சாக்பொடியில் கொஞ்சம் அமோனியா கலந்து குழைத்து, பருத்திப் பஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைத் தகட்டின்மேல் ஓடவிட்டால் முழுப்பரப்பிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்காவது விலகித் துளியாகத் திரண்டால் அங்கே இன்னும் பசை இருக்கிறது.

அடுத்தது கிரவுண்ட், அதாவது ஆசிட் புகாத மெழுகுப்பூச்சு. தேன்மெழுகு 2 பங்கு, நிலக்கீல் 2 பங்கு, ரோசின் என்ற பைன் மரப் பிசின் 1 பங்கு என்பது பரவலான கலவை. ரெம்பிராண்ட்டின் கிரவுண்ட் என்ற பெயரில் 1660-இல் லண்டனில் அச்சான ஒரு ஓவியக் கையேடு வேறு விகிதம் சொல்கிறது: சுத்தமான மெழுகு 1 அவுன்ஸ், மஸ்தகி அரை அவுன்ஸ், நிலக்கீல் அல்லது அம்பர் அரை அவுன்ஸ். மெழுகு அதிகம், ஆகவே மென்மையானது. ஊசி வழுக்கிக்கொண்டு போகும், காகிதத்தில் பென்சில் ஓடுவதைப்போல. மஸ்தகி நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளில் 'ரூமி மஸ்தகி' என்ற பெயரில் கிடைக்கும் அதே பிசின்தான். நிலக்கீல் மட்டும் ஓவியப் பொருள் கடையில் வாங்குங்கள். சாலைத் தார் வேண்டாம். அதில் மணலும் எண்ணெயும் இருக்கும், காயவே காயாது.

தகட்டைச் சூடாக்கி, மெழுகுக் கட்டி தொட்டதும் உருகும் நிலையில் தேய்த்து, ரோலரால் மெல்லிதாகப் பரப்ப வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். கருகிய கிரவுண்ட் ஆறியபின் ஊசி பட்டதும் செதில் செதிலாகத் தெறிக்கும். தேன் நிறத்தில், வெளிச்சத்தில் பார்த்தால் செம்பு தெரியும் அளவுக்கு மெல்லிய படலம் போதும். சென்னை வெயிலில் மதிய நேரம் கிரவுண்ட் இளகிக் கையில் ஒட்டும். கை வைக்க ஒரு மரப்பாலம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காலையில் வரையுங்கள்.

வழக்கமாக இந்தப் படலத்தை மெழுகுத்திரிப் புகையில் காட்டிக் கருப்பாக்குவார்கள். தீயை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கருப்பாக்கிய கிரவுண்ட்டில் ஊசி கீறிய கோடு பளபளக்கும் செம்பாகத் தெரியும். இருட்டு அறையை வரையும்போது இது ஒரு விசித்திரமான அவஸ்தை. நிழல் எங்கே அடர்த்தியோ அங்கே தகடு ஜொலிக்கும். ஜன்னல், கோடே போடாத இடம், கன்னங்கரேல் என்று கிடக்கும். முழுப்படமும் தலைகீழ் ஒளியில் கண்முன் நிற்க, கைமட்டும் நேர் ஒளியை நினைத்துக்கொண்டு வரைய வேண்டும். மேலே சொன்ன 1660 கையேடு கருப்பு கிரவுண்ட்டின்மேல் ஒரு வெள்ளைப் பூச்சு போடச் சொல்கிறது. அப்படிச் செய்தால் கோடு செந்நிறமாகவும் மிச்சம் வெள்ளையாகவும் தெரியும். தாளில் வரப்போவதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். வெளிச்சத்தையும் நிழலையும் மட்டுமே நம்பி நிற்கிற படங்களுக்கு இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய உதவி.

இடவலம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். தகட்டில் வலப்பக்கம் இருக்கும் ஜன்னல் அச்சில் இடப்பக்கம் வரும். புத்தகத்தில் எழுத்து காட்டுவதாக இருந்தால் கண்ணாடியை வைத்துக்கொண்டு வரையுங்கள்.

அரிப்பு

நைட்ரிக் அமிலம் பழைய வழி. செம்பின்மேல் குமிழி விட்டு அரிக்கும், பழுப்புப் புகை வரும், அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. நுண்கோட்டில் குமிழி தங்கினால் அந்த இடம் அரிபடாமல் விட்டுப்போகும். இறகால் தடவி நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு இந்த வகை வேலைக்கு ஃபெரிக் குளோரைடுதான் சரி. சர்க்யூட் போர்டு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் அதே சரக்கு. பக்கவாட்டில் குறைவாகத் தின்பதால் கோட்டின் கரை நேராக நிற்கும், சுவர் பிழைக்கும். இதன் குறை வண்டல். அரிபட்டதும் பள்ளத்தில் வண்டல் படிந்து ஆசிட்டை உள்ளே விடாமல் தடுக்கும். தகட்டை முகம் கீழாகச் சின்னக் கால்கள் வைத்துக் கவிழ்த்துவிடுங்கள், அல்லது நிமிர்த்தி நிற்கும் தொட்டியில் தொங்கவிடுங்கள். சிட்ரிக் அமிலக் கரைசலைச் சேர்த்தால் வண்டல் கரைந்துபோகும். ஃபெரிக் கரைசல் 4 பங்குக்குச் சிட்ரிக் கரைசல் 1 பங்கு என்பது பழக்கத்தில் உள்ள அளவு.

நேரத்தை யாரிடமும் கேட்காதீர்கள், தகட்டையே கேளுங்கள். அதே செம்பில் ஒரு துண்டு எடுத்து, 0.3, 0.5, 1 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகள் போட்டு, ஆசிட்டில் இறக்கி, 5, 10, 20, 40, 80 நிமிடங்களில் ஒவ்வொரு பகுதியாக வார்னிஷ் பூசி நிறுத்துங்கள். அச்சிட்டுப் பார்த்தால் எந்த இடைவெளி எத்தனை நிமிடத்தில் வெடிக்கிறது என்பது கண்ணாலேயே தெரியும். ஆசிட் புதிதா பழையதா, அறை 25 பாகையா 35 பாகையா என்பதெல்லாம் இந்த எண்ணை மாற்றும். மே மாதத்தில் செய்த சோதனைத் துண்டை டிசம்பரில் நம்பாதீர்கள்.

இருட்டறைக்கு வரிசை இப்படி இருக்கலாம். முதல் கிரவுண்ட்டில் கட்டமைப்புக் கோடுகள் மட்டும்: ஜன்னல் சட்டம், படிக்கட்டின் வளைவு, மேசை, ஆள். குறைந்த நேரம் அரித்துக் கழுவி, ஒரு சோதனை அச்சு எடுங்கள். இரண்டாவது கிரவுண்ட்டில் முதல் நிழல் வரிசை. முகத்தையும் புத்தகத்தையும் ஜன்னலையும் தொடாதீர்கள். மூன்றாவதில் குறுக்கு வரிசை. குறுக்கு வரிசையை முதல் வரிசையோடு 30 பாகைக்குக் குறைந்த கோணத்தில் போட்டால் சந்திக்கும் இடத்தில் செம்புத் திட்டின் முனை ஊசிபோலக் கூர்மையாகும், அந்த முனைதான் முதலில் கரைந்து போகும். 60 பாகைக்கு மேல் வைத்தால் திட்டு உறுதியாக நிற்கும்.

மறு கிரவுண்ட் பூசும்போதுதான் அதிகத் தகடுகள் கெடுகின்றன. ஏற்கெனவே அரிபட்ட கோட்டின் விளிம்பில் மெழுகு மிக மெல்லிதாக உட்காரும். அங்கே ஆசிட் புகுந்தால் கரையெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொத்தல் விழும். ஒரே தடிப்பான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள், ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் ரோலர் ஓட்டி, நடுவில் ஆறவிட்டுப் பூசுவது பத்திரம். கைலென்ஸில் ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். செம்பு மினுக்கினால் தூரிகையால் வார்னிஷ் தொட்டு மூடுங்கள். புள்ளிப் பொத்தல் நிழலில் விழுந்தால் பெரிய நட்டமில்லை, சில நேரம் நிழலுக்கு உயிரே தரும். ஜன்னலிலோ முகத்திலோ விழுந்தால் சுரண்டி, வழவழப்பாக்கி, பின்புறத்திலிருந்து தட்டிச் சமப்படுத்த வேண்டியதுதான்.

வெடித்த இடத்துக்கு மருந்து உண்டு. பியூரினால் அந்தச் சாம்பல் திட்டுக்குள் புதிதாக V வடிவக் கோடுகளை வெட்டலாம். உளிக்கோடு ஆழமும் கூர்மையும் உள்ளது, மையைப் பிடித்துக்கொள்ளும். டிரைபாயிண்ட் ஊசியால் கீறினால் கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும். அந்தப் பிசிறில் மை தேங்கி வெல்வெட்போன்ற கருப்பு வரும். அழகுதான், ஆனால் ஆயுள் குறைவு. துணியும் பிரெஸ்ஸும் பத்து இருபது பிரதிகளுக்குள் பிசிறை அமுக்கித் தேய்த்துவிடும்.

பயன்படுத்திய ஃபெரிக் குளோரைடைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதில் கரைந்திருப்பது செம்பு. நீர்வாழ் உயிர்களுக்கு விஷம், உலோகக் குழாயையும் தின்னும். சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை அடங்கும்வரை விட்டு, படியும் கசடை வடிகட்டி அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். துத்தநாகத் தகட்டை இதில் இறக்கவே வேண்டாம், சூடேறிப் பொங்கும்.

அச்சு

நன்றாக அரித்த தகட்டையும் அச்சில் கெடுக்கலாம். இருட்டுப் படத்தில் வரும் பெரிய ஆசை, தகட்டின்மேல் ஒரு மைப்படலத்தைத் துடைக்காமல் விட்டு இருட்டை இரட்டிப்பாக்குவது. அப்படி விட்டால் கோடுகளுக்கு நடுவே காப்பாற்றி வைத்த அத்தனை வெள்ளைப் புள்ளிகளும் மூழ்கிப்போகும். சிங்கத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

தகட்டை வெதுவெதுப்பாக, கை வைத்தால் பொறுக்கும் சூட்டில் வைத்து மை பூசுங்கள். கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடைத்து மேல்மையை எடுத்து, கடைசியில் உள்ளங்கையில் சாக்பொடி தொட்டு ஜன்னல், முகம், புத்தகம் மூன்றையும் தனித்தனியே துடையுங்கள். நிழலில் கை படக் கூடாது. 250 முதல் 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதத்தை முதல் நாளே நனைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றிப் பாரம் வைத்துவிடுங்கள். அச்சிடும்போது மேலே நீர்ப்பளபளப்பு இருக்கக் கூடாது. இருந்தால் மை ஒட்டாது. காய்ந்துபோயிருந்தால் நுண்கோடுகள் உப்புத் தூவியதுபோல் விட்டுவிட்டு வரும்.

ரெம்பிராண்ட் 1640-களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியக் காகிதத்தையும் பயன்படுத்தினார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் வந்த சரக்கு. வழவழப்பான, இளமஞ்சள் சாயல் உள்ள அந்தக் காகிதம் மையை மென்மையாக ஏந்தும், டிரைபாயிண்ட் பிசிறையும் குறைவாகத் தேய்க்கும்.

படிப்பும் வெளிச்சமும்

இந்தப் படம் எதைச் சொல்கிறது என்பதைத் தகட்டைவிட்டுப் பிரித்துப் பேச முடியாது. ஜெரோமைத் துறவிப் பண்டிதராகக் காட்டும் படங்களில் புகழ்பெற்றது ஜெர்மன் ஓவியர் டியூரர் 1514-இல் செய்த செப்பு உளி வேலை. அங்கே அறை முழுக்க வெயில். வட்டக் கண்ணாடிகளின் நிழல் சுவரில் விழுகிறது, உத்தரத்தின் மரவரி வரைக்கும் எல்லாம் தெரிகிறது, சிங்கமும் நாயும் முன்னால் படுத்திருக்கின்றன. படிப்பு என்பது ஒழுங்கும் தெளிவும் என்று அந்தப் படம் சொல்கிறது, அதன் உளிக்கோடுகளும் அதே ஒழுங்கில் நிற்கின்றன. ரெம்பிராண்ட்டின் அறையில் படிக்க வெளிச்சம் பற்றாது. ஜன்னலருகே நகர்ந்து உட்கார்ந்தும் கிழவர் தலையைக் கையில் தாங்கியிருக்கிறார்.

வரலாற்று ஜெரோமுக்கு இந்த அறைதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. எசேக்கியேல் நூலுக்கு எழுதிய விரிவுரையில் முதுமையால் கண் மங்கிவிட்டதை அவரே சொல்கிறார்: இரவு விளக்கில் எபிரேயச் சுவடிகளைத் திரும்பப் படிக்க முடியவில்லை; எழுத்து அவ்வளவு சிறியது, பகல் வெளிச்சத்திலேயே கண்ணைக் குருடாக்குகிறது. கிரேக்க உரைகளை மடத்துச் சகோதரர்கள் வாசிக்கக் கேட்டுத்தான் வேலை நடந்தது. ரெம்பிராண்ட் அந்த வரியைப் படித்திருந்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. மடத்துப் படிப்பின் அன்றாடம் வெளிச்சத்தோடு நடக்கும் பேரம் என்பதை அவருடைய ஊசி அறிந்திருந்தது.

மரபாகச் சேர்ந்துவிட்ட பொருள்கள் பல வரலாற்றோடு ஒத்துப்போகாதவை. படங்களில் கர்தினாலின், அதாவது போப்புக்கு அடுத்த நிலையில் உள்ளவரின், தொப்பியோடு காட்டினாலும் ஜெரோம் கர்தினாலாக இருந்ததே இல்லை. போப் தமாசுஸுக்குச் செயலராக இருந்த குரு, அவ்வளவுதான். கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி வந்தது 13-ஆம் நூற்றாண்டில். காலில் முள் எடுத்துவிட்ட சிங்கத்தின் கதை கெராசிமுஸ் என்ற இன்னொரு துறவிக்கு உரியது, பெயர் ஒலி ஒத்ததால் இவரிடம் வந்து சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 1648-இல் ரெம்பிராண்ட் செய்த இன்னொரு தகட்டில் ஜெரோம் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். அது கண்டுபிடிக்கப்பட 800 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. இருந்தும் மங்கிய கண்ணைப் பற்றி எழுதிவைத்த மனிதருக்கு அந்தக் கண்ணாடி வெகு நியாயமானது.

அந்த 1648 தகட்டை இருட்டறைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டுண்ட பெரிய வில்லோ மரம் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பட்டையில் டிரைபாயிண்ட் பிசிறின் கனத்த கருப்பு. மரத்தடியில் ஒரு பலகையை மேசையாக்கி எழுதிக்கொண்டிருக்கும் ஜெரோமோ மெல்லிய கோட்டில், வெளிச்சத்தில் கரைகிறார். மரத்துக்குப் பின்னாலிருந்து சிங்கம் எட்டிப் பார்க்கிறது. 1653-ஐ ஒட்டிய இன்னொரு தகட்டில் இந்தப் போக்கு உச்சத்துக்குப் போகிறது. மேட்டில் நிற்கும் சிங்கமும் தொலைவிலுள்ள கட்டடங்களும் அடர்த்தியாக அரிக்கப்பட்டிருக்க, தொப்பி போட்டுக்கொண்டு படிக்கும் ஜெரோமின் உடல் வெறும் எல்லைக்கோடு. முடிக்காமல் விட்ட தகடு என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வெயில். இருட்டறையில் கோட்டை அடுக்கி அடுக்கிக் கிடைக்காமல் தவித்த வெளிச்சத்தை இங்கே கோடே போடாமல் கொடுத்துவிட்டார்.

இருட்டறைப் பிரதிகளைப் பெரிதாக்கிப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் ஜன்னலைப் பார்க்காதீர்கள். படிக்கட்டின் அடிப்பக்கம், எல்லாவற்றையும்விட அடர்ந்த நிழல் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளைப் புள்ளிகள் இன்னும் உயிரோடு நின்று, கோடுகள் கன்னங்கரேல் என்று இருந்தால் அது தகடு புதிதாக இருந்தபோது எடுத்த பிரதி. கோடுகள் மெலிந்து, நிழல் முழுவதும் ஒரே சாம்பலாகத் தட்டையாகியிருந்தால் தகடு தேய்ந்தபின் எடுத்தது. அந்தப் பிரதியில் சிங்கத்தைத் தேட வேண்டிய அவசியம் இருக்காது, சுலபமாகவே தெரிந்துவிடும்.